மக்கள் அருகிய மலைநாடு
(பிரான்சு தேசத்து லோஸேர் ஜில்லா)

பிரான்சு தேசம் என்ற அளவிலே நம்மனோர் உள்ளத்தில் முன்வந்து நிற்பது பாரிஸ் மாநகரமே. அதன் அகன்ற வீதிகளும் ஓவியக்கூடங்களும் அரசியற் புரட்சிகளும் நூல்களிற் பலகாலும் பேசப்படுவன. ஆயின் ஒரு தேசத்தின் இயல்பு முழுவதும் அதன் தலைநகரில் அடங்கிக் கிடப்பதன்று. ஆகவே, அத்தேசத்தின் ஜில்லாக்கள் எல்லாவற்றினும் குறைந்த மக்கட்டொகையையுடைய லோஸேர் என்னும் மலைநாட்டைப்பற்றி ஈண்டு ஒருசிறிது கூறப் புகுந்தோம். மக்களாற் குறைந்த நாடு மதிப்பாலும் குறைந்ததாகுமோ என்னும் வினா ஒன்று இக்கட்டுரையின் ஊடே செல்லும். அதற்கு விடையை இறுதியிற் காண்பாம்.

பிரான்சு தேசத்தில் நம் ஜில்லாவை ஒத்த ஆட்சிப்பிரிவு திபார்த்மான் எனப்படும். 1789-ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து, 1790-இல், தேசிய சபையார் பழைய மாகாணங்களைக் கலைத்து நாட்டை 83 திபார்த்மான்களாக வகுத்தனர். பழைய மாகாணப் பற்று மக்கள் மனத்தினின்று நீங்குதல் வேண்டும் என்னுங் கருத்தால், பெரும்பாலும் ஆறு மலைகளின் பெயர்களையே அவற்றிற்கு இட்டனர். ஜில்லாவின் எம்மூலையில் இருப்பவனும் குதிரைமேல் ஒருநாட் பயணத்தில் தலைமை நகரை அடைதல் வேண்டும் என்பது அவர்கொண்ட அளவுகோல் என்பர். இன்று கடல்கடந்த நிலங்களையும் கூட்டி அவை 101 ஆகும். ஒவ்வொன்றிலும் அரசாங்கத்தின் சார்பில் பிரெபே என்னும் தலைமை அதிகாரி ஒருவரும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையொன்றும் உண்டு. அடிநிலையில் உள்ளவை கொம்யூன் என்னும் ஊராட்சிகள். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயர் உளர். கொம்யூன் என்னும் சொல் முன்னர்ப் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் இன்றும் வழங்குதலின், அது தமிழர்க்கு முற்றும் புதியதன்று.

நம் இலக்கண நூலார் நிலத்தை முதற்பொருளென்றும், அந்நிலத்து உயிர்களையும் தொழில்களையும் கருப்பொருளென்றும், மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருளென்றும் முறைப்படுத்தினர். வேற்று நாடொன்றை ஆராய்வார்க்கும் அம்முறை ஏற்றதாகலின், யாமும் அவ்வழியே செல்வோம்.

நிலம்

லோஸேர் பிரான்சின் தென்பாகத்தே, நடுமலைத்தொகுதி எனப்படும் பெருமேட்டின் தெற்கு விளிம்பில் உள்ளது. அதன் பரப்பு 5,167 சதுர கிலோமீட்டர். ஜில்லாவுக்குப் பெயர் தந்த லோஸேர் மலையின் உச்சியாகிய பினியேல் 1,699 மீட்டர் உயரமுடையது. தலைமை நகர் மாந்த். அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 12,000 பேர். தெற்கேயுள்ள புளோராக் என்னும் சிற்றூர் இரண்டாம் ஆட்சித்தலம்.

இந்நிலம் பாறையின் வேற்றுமையால் நான்கு கூறுபட்டுக் கிடக்கின்றது. வடக்கே மார்ஜெரீட் என்பது கருங்கல் மேடு. பைன் காடும் புற்றரையும் அங்கு மாறிமாறி வரும். வடமேற்கே ஓப்ராக் என்பது பண்டை எரிமலைக் குழம்பு உறைந்து ஆகிய மேடு. மரமின்றிப் புல்லே கடல்போற் பரந்து, மாரியிற் பனியால் மூடுண்டு கிடக்கும். தென்மேற்கே கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேடுகள் உள. பெய்யும் மழை நீரெல்லாம் கல்லின் வெடிப்புக்களில் இறங்கி மறைந்துவிடுதலின், மேலே ஓடையும் ஊற்றும் காண்டல் அரிது. ஆட்டுமந்தைக்கு நீர் வேண்டி, அடியிற் கல்பாவிய குட்டைகளை அமைத்து மழைநீரைத் தேக்குவர். தென்கிழக்கே செவேன் என்னும் மலைத்தொடர். அது ஏடேடாகப் பிளவுபடும் பாறையால் ஆயது. கூரிய முகடுகளும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் மத்தியதரைக் கடலை நோக்கிச் சரிந்து செல்லும். இலையுதிர் காலத்தே கடற்காற்றால் உந்தப்பட்ட முகில்கள் இம்மலையில் மோதி, சில நாழிகையிற் பெருவெள்ளம் பெருகுமாறு பொழிதலும் உண்டு.

பாறை மாறுதலுக்கேற்ப வீடுகளும் மாறுகின்றன. செவேன் பக்கத்துக் கூரைகள் பிளவுபட்ட கற்பலகைகளால் வேயப்பட்டவை. கோஸ் மேட்டில் உத்தரத்துக்கு மரம் கிடையாமையால், வீட்டின் உட்கூரையையே கல்லால் வளைத்துக் கட்டினர். கிடைத்ததைக் கொண்டு வாழும் வகையை அந்நாட்டார் எத்துணை நுணுக்கமாகக் கற்றனர் என்பதற்கு இவ்வீடுகளே சான்றாகும்.

இது நீர்க்குத் தாய்நாடு. லோத், தார்ன், அல்லியே என்னும் மூன்று பேராறுகளும் இங்கே பிறக்கின்றன. அல்லியே வடக்கே சென்று லுவார் ஆற்றிற் கலக்கும். லோத்தும் தார்னும் மேற்கே சென்று கரோன் ஆற்றிற் கூடும். இவை அட்லாண்டிக் கடலைச் சேர்வன. செவேன் மலையின் கார்தோன் முதலிய ஆறுகளோ ரோன் நதிவழியாக மத்தியதரைக் கடலைச் சேர்கின்றன. தார்ன் ஆறு சோவ்தேர், மேஜான் என்னும் இரு கோஸ் மேடுகளுக்கு இடையே சுண்ணாம்புப் பாறையை அறுத்துச் செல்லும் இடம் ஐந்நூறு மீட்டர் அளவு ஆழமுள்ள பெரும்பிளவு ஆகும். மேஜான் மேட்டின் அடியில் ஆவேன் அர்மான் என்னும் குகையொன்று 1897-இற் கண்டறியப்பட்டது. குகையாராய்ச்சியாளர் மார்த்தெல் என்பாருக்குத் துணைநின்ற லூயி அர்மான் என்னும் கொல்லரே அதனைக் கண்டார். நீர்த்துளியிலிருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து தரையினின்று எழுந்த கற்றூண்கள் அதனுள் காடுபோல் நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது முப்பது மீட்டர்.

லோஸேர் மலையின் சிற்றூர்கள் சிலவற்றிற் காணப்படும் ஓர் அமைப்பை ஈண்டு விரித்துக் கூறவேண்டும். மாரிக்காலத்தே அம்மலையில் காற்றும் பனியும் ஒருங்கு சுழன்று வீசும்போது, பத்தடி தொலைவிலுள்ள பொருளும் புலப்படாது. வழியும் வயலும் ஒன்றாய் மறையும். அத்தகைய புயலில் அகப்பட்டோர் தம் வீட்டு வாயிலுக்கு அண்மையிலேயே வழிதவறி உறைந்து இறந்ததும் உண்டு. ஆகவே, கோயில் கட்டுதற்கும் ஆற்றலில்லாத சிற்றூரார், கல்லால் ஒரு சிறு மணிக்கூண்டு எழுப்பி, அதில் ஒரு மணியைத் தூக்கினர். புயல் வீசுங்காலத்து, ஊரார் முறைவைத்துக்கொண்டு அம்மணியை ஓயாது அடிப்பர். வெளியே எவனேனும் உளனோ இலனோ என்பது அவர்க்குத் தெரியாது. உளனாயின் ஒலியைப் பற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்வான் என்பதே கருத்து. இவற்றைப் புயன்மணிக் கூண்டுகள் என்னலாம். ஊதெ, சேர்வியே முதலிய ஊர்களில் அவை இன்றும் நிற்கின்றன.

உயிர்களும் தொழில்களும்

இந்நாட்டின் முதற்றொழில் மேய்ப்புத் தொழிலே. ஓப்ராக் மேட்டில் பொன்னிறமும் மைதீட்டியன்ன கண்ணும் உடைய மாட்டினம் ஒன்று, மேட்டின் பெயராலேயே வழங்குவது, மேய்கின்றது. கோஸ் மேடுகளிலோ செம்மறியே செல்வம். அவற்றின் பால், அண்டை ஜில்லாவாகிய அவேரோனிலுள்ள ரொக்ஃபோர் என்னும் ஊரின் குகைகளில் முதிரவைக்கப்படும் புகழ்பெற்ற பாற்கட்டிக்குச் செல்கின்றது. வெயிற்காலத்தே கீழ்நாட்டுப் புல் கருகும்போது, இடையர் மந்தைகளை ஓட்டிக்கொண்டு லோஸேர், ஏகுவால் மலைகளுக்கு ஏறுவதும், குளிர் தொடங்குமுன் இறங்குவதும் பன்னூறு ஆண்டு வழக்கம். ஆடுகளின் குளம்புகளால் அகன்று தேய்ந்த அவ்வழிகள் த்ராய் எனப் பெயர்பெறும். இடைக்காலத்தே லோஸேர் மலைப் புல்வெளியின் ஒருபாகம் மால்டா வீரர் எனப்பட்ட சமயத் தொண்டர் கூட்டத்துக்கு உரியதாயிருந்தது. அவர்களுடைய சிலுவை பொறித்த எல்லைக்கற்கள் இன்றும் புல்லிடையே நிற்கின்றன.

செவேன் பள்ளத்தாக்குகளில் வாழ்க்கை கஷ்கொட்டை மரத்தைப் பற்றியது. செங்குத்தான சரிவில் தானியம் விளையாமையால், அதன் கொட்டையே ஏழைகளின் உணவாயிற்று. அதுபற்றியே அதனை உணவுமரம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். கொட்டைகளைச் சிறு கல்வீட்டின் இடைப்பரணிற் பரப்பி, கீழே சுடரெழாது புகையுமாறு மூட்டிய தீயைச் சில வாரங்கள் காத்து உலர்த்துவர். உலர்ந்தவை ஆண்டு முழுதும் கெடா. 1709-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மரங்கள் பல பட்டுப்போன பின்னர், முசுக்கட்டை மரம் மிகுதியாக நடப்பட்டது. அதன் இலையால் பட்டுப்புழு வளர்த்து விற்றுக் காசு கண்டமையால், அதனைப் பொன்மரம் என்றனர்.

இம்மரங்களுக்கும் பயிர்களுக்கும் மண் வேண்டுமே. அம்மண் இயற்கையிற் கிடைத்ததன்று. சுண்ணமும் சாந்தும் இன்றிக் கல்மேற் கல் அடுக்கிச் சுவர் எழுப்பி, அதன் பின்னே மண்ணைக் கூடையாற் சுமந்து நிரப்பி, மலைச்சரிவைப் படிபடியாகச் சமைத்தனர். மழை வெள்ளம் மண்ணை அடித்துச் சென்றால், கீழே சென்ற மண்ணை மீண்டும் முதுகிற் சுமந்து மேலேற்றினர். இன்று பயணிகள் வியந்து காணும் அம்மலைக்காட்சி மக்களின் கைவேலையே என்பது மறக்கற்பாலதன்று.

முற்கால வரலாறு

ரோமர் காலத்தே இங்கு வாழ்ந்தோர் கபாலி என்னும் கெல்த்திய இனத்தார். அவர் பெயரின் சிதைவே ஜெவோதான் என்பது. புரட்சிக்கு முன் இந்நாட்டின் பெயர் அதுவேயாம். 1307-இல் நான்காம் பிலிப்பு மன்னனும் மாந்த் நகர மேற்றிராணியாரும் செய்துகொண்ட உடன்படிக்கையால், ஆட்சியுரிமை இருவர்க்கும் பொதுவாயிற்று. செவேன் பகுதியிலுள்ள கிரிசாக் என்னும் கோட்டையிற் பிறந்த கியோம் கிரிமோவார் என்பவர் 1362-இல் ஐந்தாம் உர்பன் என்னும் பெயருடன் போப்பாண்டவராய், 1370 வரை வீற்றிருந்தார். மாந்த் நகரின் பேராலயம் அவர் கட்டளையால் எழுந்தது. அதில் ஒப்பிலாமணி என்று பெயர்பெற்ற மாபெரும் மணியொன்று பின்னர்த் தூக்கப்பட்டது. 1579-இல் புரோட்டஸ்டண்டுப் படைத்தலைவன் மேர்ல் என்பான் நகரைப் பிடித்து, அம்மணியைப் பீரங்கி வார்ப்பதற்காக உருக்கிவிட்டான். அதன் நாக்கு மட்டும் ஆலயத்தில் இன்றும் இருக்கின்றது.

ஜெவோதான் என்னும் பெயர் ஐரோப்பா முழுதும் பரவியது ஒரு கொடிய விலங்கினால். 1764 முதல் 1767 வரை அது நூற்றுவர் அளவினரைக் கொன்றது. இறந்தோர் பெரும்பாலும் மந்தை காத்த சிறுவரும் சிறுமியரும் பெண்டிருமே. மன்னனின் துப்பாக்கி வீரர் 1765-இற் பெரிய ஓநாய் ஒன்றைச் சுட்டு வெற்றி முழங்கினர். ஆயினும் கொலைகள் பின்னுந் தொடர்ந்தன. 1767 ஜூன் மாதத்தில் ஷான் ஷாஸ்தெல் என்னும் நாட்டுப்புறத்தான் ஒருவன் மற்றொரு விலங்கைச் சுட்ட பின்னரே அவை ஓய்ந்தன. இக்கதையைக் கேட்போர் விலங்கின் வடிவையே ஆராய்கின்றனர். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தனியே மலையில் நின்று மந்தை காக்குமாறு செய்த வறுமையே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

வனாந்தரத் திருச்சபை

செவேன் மலையார் பதினாறாம் நூற்றாண்டிலேயே சீர்திருத்தச் சபையைத் தழுவினர். 1598-இல் நாலாம் ஹென்றி மன்னன் நாந்த் நகர்ச் சாசனத்தால் அவர்க்கு அளித்த வழிபாட்டுரிமையை, 1685-இற் பதினாலாம் லூயி மன்னன் பறித்தான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடுகடத்தப்பட்டனர், மறைவாகக் கூடி ஜெபித்தவர் கப்பற்றுடுப்பு வலிக்கவும் சிறையில் வாடவும் அனுப்பப்பட்டனர். இங்ஙனம் பதினேழு ஆண்டு சென்றபின், 1702 ஜூலை 24-ஆம் நாள் இரவு, தார்ன் ஆற்றங்கரையிலுள்ள பொன்-த-மொன்வேர் என்னும் சிற்றூரில், மறைவாகச் சங்கீதங்கள் பாடி வந்த ஒரு கூட்டம், ஷைலா என்னும் குருவானவர் தங்கிய வீட்டைச் சூழ்ந்தது. ஜெனீவாவுக்குத் தப்பியோட முயன்ற சிலரை அவர் அங்கே அடைத்துவைத்திருந்தார். சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர், குருவானவரோ கொல்லப்பட்டார். இதுவே கமிசார்ப் போரின் தொடக்கம்.

கமிசார்கள் உழவரும் இடையரும் கம்பளிமயிர் சீவுவோரும் ஆவர். ரொட்டி சுடுங் கடையில் வேலைகற்ற கவாலியே என்னும் இருபது வயதளவினனாகிய இளைஞன் அவர்தம் தலைவருள் ஒருவன். சில ஆயிரவராகிய அவர்களை அடக்க மன்னன் பெரும்படையை ஏவினான். 1703-ஆம் ஆண்டு இறுதியில் அரசர் படை நானூற்றுக்கு மேற்பட்ட சிற்றூர்களைத் தீக்கிரையாக்கிற்று. மறுபக்கத்தாரும் குற்றமற்றவரல்லர். அவ்வாண்டு பெப்ரவரியில் பிரெசினே-த-பூர்க் என்னும் கத்தோலிக்க ஊரிற் புகுந்த கமிசார்கள், பெண்டிர் பிள்ளைகளென்று பாராமல் நாற்பதின்மர் அளவினரைக் கொன்றனர். ஒரே ஆண்டவரைத் தொழுவோர் இருதிறத்தும் நின்று இங்ஙனம் செய்ததை வாசிக்கும் கிறிஸ்தவர் எவரும் தம் சபையின் பெயரைச் சொல்லி ஒதுங்கிவிடல் இயலாது.

1704-இற் கவாலியே அடங்கினான். ரோலான் என்னும் மற்றொரு தலைவன் கொல்லப்பட்டான். போர் ஓய்ந்தது, வழிபாடு ஓயவில்லை. மலைக்குகைகளிலும் கஷ்கொட்டைத் தோப்புக்களிலும் இரவிற் கூடினர். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்த காலத்தை நினைந்து, அக்காலத்தை அவர்கள் வனாந்தரம் என்றே அழைத்தனர். 1787-இல் பதினாறாம் லூயி மன்னன் சகிப்புச் சாசனம் பிறப்பித்த பின்னரே, அவர்தம் திருமணமும் பிறப்பும் இறப்பும் சட்டத்தின்முன் செல்லுபடியாயின. ஸ்காத்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்ஸன் 1878-இல் மொதெஸ்தீன் என்னும் கழுதையுடன் இந்நாட்டைப் பன்னிரண்டு நாளிற் கடந்து, மறுவருடம் அப்பயணத்தை ஒரு நூலாக்கினார். அவர் மனத்தை ஈர்த்ததும் இவ்வரலாறே. அவர் நடந்த வழியில் இன்றும் ஆண்டுதோறும் பலர் நடக்கின்றனர்.

பிரிவு

உரிப்பொருளுக்கு வருவோம். லோஸேரின் பிற்கால வரலாற்றை ஒரே சொல்லிற் கூறின், அது பிரிவு என்பதாம். 1851-ஆம் ஆண்டுக் கணக்கில் இங்கிருந்த மக்கள் ஏறத்தாழ 1,44,000. 1990-இல் அவர்கள் ஏறத்தாழ 73,000. நூற்றுநாற்பது ஆண்டுக்குள் நாடு பாதியாயிற்று.

காரணங்கள் ஒன்றன்மேலொன்றாக வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையிற் பட்டுப்புழுவைப் பற்றிய நோய் பட்டுத்தொழிலை அழித்தது. அந்நோயை ஆராயவே அறிஞர் பாஸ்தர் 1865 முதல் அண்டை ஜில்லாவிலுள்ள அலேஸ் நகரில் தங்கி உழைத்தார். அவர் வழி கண்டார். ஆயினும் கீழ்நாட்டுப் பட்டின் மலிவால் பழைய நிலை மீளவில்லை. பின்னர்க் கஷ்கொட்டை மரத்தின் வேரை மைந்நோய் என்பது பற்றிற்று. வேரினின்று மைபோன்ற நீர் கசிய மரம் பட்டுப்போகும். 1870-இல் இம்மலையைக் கடந்து புகைவண்டிப் பாதை முடிவுற்றது. சரக்குக் கொணரும் என்று எதிர்பார்த்த வண்டி, அலேஸின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் ஆட்களைக் கொண்டு சென்றது. 1914-ஆம் ஆண்டுப் பெரும்போர், எஞ்சிய இளைஞரைக் கொண்டுபோயிற்று. மிகச் சிறிய ஊரின் நடுவிலும் போரில் இறந்தோர் பெயர்கள் நீண்ட வரிசையாய்க் கல்லிற் பொறிக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம்.

ஆட்கள் நீங்கியபின் படிச்சுவர்கள் சரிந்தன. உழுத இடத்திற் புதர் எழுந்தது. பின்னர்க் காடு எழுந்தது. பாட்டனார் பேசிய ஒக்சித்தான் மொழியைப் பெயரர் மறந்தனர்.

அடைக்கலம்

மக்கள் அருகிய இந்நிலமே, இரண்டாம் உலகப்போர்க் காலத்தே வேறொரு பயனைத் தந்தது. இதன் முகவுரை நற்செய்தியன்று. 1939 ஜனவரியில், வேண்டப்படாத அயல்நாட்டார் என்று அரசாங்கம் கருதியவர்களை அடைத்தற்குப் பிரான்சில் முதன்முதல் திறக்கப்பட்ட முகாம், மாந்த் நகரை அடுத்த ரியுக்ரோ என்னும் இடத்திலேயே அமைந்தது. அது பின்னர்ப் பெண்களுக்குரிய முகாமாகி, 1942-இல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

எனினும் ஜெர்மானியர் ஆதிக்கத்தின்போது, செவேன் பண்ணைவீடுகள் பல யூதர்களையும் தேடப்பட்டோரையும் மறைத்துவைத்தன. தம் முன்னோர் வேட்டையாடப்பட்டதைப் பரம்பரையாகக் கேட்டு வளர்ந்தோர்க்கு, கதவைத் தட்டுவோனை வினாவாது உள்ளே விடுதல் புதிதாகத் தோன்றவில்லை. மேஜான் மேட்டிலுள்ள லா பாராத் என்னும் இடத்தில் 1944 மே 28-ஆம் நாள், பிரெஞ்சுக்காரரோடு ஸ்பெயின் நாட்டாரும் ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானியரும் ஒருங்கு நின்று போரிட்டு மாண்டனர்.

வடக்கே சேன்-ஆல்பான் என்னும் ஊரில் மனநோயாளருக்குரிய மருத்துவசாலை ஒன்றுண்டு. 1940 ஜனவரியில், ஸ்பெயினினின்று தப்பிவந்த அகதியாகிய தொஸ்கேய் என்னும் மருத்துவர் அங்கு வந்து சேர்ந்தார். போர்க்காலப் பஞ்சத்தில், பிரான்சு தேசத்து மனநோய் மருத்துவசாலைகளில் 40,000-க்கு மேற்பட்டோர் பசியாலும் புறக்கணிப்பாலும் இறந்தனர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். சேன்-ஆல்பானில் அத்தகைய பெருஞ்சாவு நிகழவில்லை. மருத்துவரும் கன்னியரும் ஊரவரும் நோயாளரும் ஒன்றுகூடினர். நோயாளர் அண்டைப் பண்ணைகளில் உழைத்து, கூலியாக உணவு பெற்றனர். காட்டிற் காளான் முதலியன தேடிக் கொணர்ந்தனர். பூட்டிய கதவு திறந்ததனால் உயிர் பிழைத்தனர். திறந்த கதவே பின்னர் மருத்துவமுறையாகவும் வளர்ந்தது. நோயாளரை மட்டுமன்றி, அவர் வாழும் நிலையத்தையும் குணப்படுத்தல் வேண்டும் என்பது அம்முறையின் சாரம். கவிஞர் போல் எலுவார் 1943-இல் இங்கே மறைந்து வாழ்ந்தார். பிராந்ஸ் பனோன் 1952-ஐ ஒட்டிய காலத்தே இங்கே பயின்றார். நகரத்து நூல்களில் இன்று கற்பிக்கப்படும் ஒரு கொள்கை, எளிய மலையூரில் பசிக்கு மருந்து தேடிய காலத்தே முளைத்தது என்பது நினைக்கத்தக்கது.

இற்றை நிலை

இன்று லோஸேரின் மக்கள் ஏறத்தாழ 76,000. சதுர கிலோமீட்டருக்குப் பதினைவர் என்னலாம். தேய்வு நின்று, புதியோர் சிலர் வந்து குடியேறியதால் 1990-க்குப்பின் சிறிது ஏற்றமும் உண்டு. ஏறத்தாழ 150 கொம்யூன்களுட் பலவற்றில், ஊரார் அனைவரையும் ஒரு கூடத்தில் அமர்த்திவிடலாம். மேயர் ஒருவரே சாலையில் விழுந்த பனியை அகற்றும் ஏற்பாடு முதல் பள்ளிப்பிள்ளைகளின் எண்ணிக்கை வரை கவலைகொள்ள வேண்டியவராகின்றார். பிள்ளைகள் குறைந்தாற் பள்ளி மூடப்படும். பள்ளி மூடினால் இளங்குடும்பம் வாராது. முதிய மருத்துவர் ஓய்வு பெற்றால் அவ்விடத்துக்கு மற்றொருவரைக் காணல் அரிதாகின்றது. மருத்துவரில்லாத இத்தகைய நாட்டுப்புறங்களையும் பிரெஞ்சுக்காரர் வனாந்தரம் என்னும் பழைய சொல்லாலேயே குறிக்கின்றனர்.

1970-இற் செவேன் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியிலும் மக்கள் குடியிருந்து தொழில் செய்தல் அதன் சிறப்பு. வேட்டையாலும் நஞ்சாலும் மறைந்துபோன கழுகினம் 1981 முதல் கோஸ் மேடுகளில் மீண்டும் விடப்பட்டுப் பெருகியது. இறந்த ஆடுகளை அவை உண்டு நிலத்தைத் தூய்மை செய்கின்றன. 2011-இல், கோஸ் மேடுகளும் செவேன் மலையும் உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோவாரால் ஏற்கப்பட்டன. அவ்வேற்பின் காரணம் மலையின் அழகு மட்டுமன்று. அங்கே நிகழும் மேய்ப்புத் தொழிலே யாம். இந்நூற்றாண்டில் ஓநாயும் தானாகத் திரும்பியுள்ளது. காட்டுயிரைக் காப்போர் மகிழ்கின்றனர். இரவிலும் திறந்தவெளியில் மந்தை விடும் இடையரோ அஞ்சுகின்றனர். மேய்ப்பனையும் காத்து ஓநாயையும் காத்தல் எங்ஙனம் என்பது அங்கே இன்று நடக்கும் வழக்கு.

மற்றொரு வழக்கு பாராளுமன்றத்தைப் பற்றியது. எத்துணைச் சிறிய ஜில்லாவாயினும் இரு பிரதிநிதிகளேனும் அனுப்பலாம் என்பது முன்னை விதி. மக்கட்டொகைக்கு ஏற்பவே இடங்கள் அமைதல் வேண்டும் என்று 2009-இல் அரசியலமைப்புச் சபை தீர்த்தமையால், 2012-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் லோஸேருக்கு ஒரே பிரதிநிதி. தீர்ப்பு நீதியானதே; மலையிலிருப்பவன் வாக்கு நகரத்தான் வாக்கினும் மிகுதியாக நிறுக்கப்படுதல் சமத்துவமாகாது.

முடிவுரை

ஆயின் வாக்கை எண்ணும் கணக்கு வேறு. ஒரு நாட்டை மதிக்கும் கணக்கு வேறு. பாரிஸ் நகரின் ஒரு வீதியில் ஒருவர் வீட்டை விட்டு நீங்கினால், மறுமாதம் மற்றொருவர் அங்கே குடிபுகுவர், வீதிக்குக் குறையில்லை. செவேன் சரிவில் ஒரு குடும்பம் நீங்கினால், ஒரு சுவர் சரியும். சுவர் சரிந்தால் அதன் பின்னுள்ள மண் வெள்ளத்தோடு போகும். அதன்பின் அவ்விடத்தே பயிர் செய்ய எண்ணுவானுக்கும் நிலம் இராது. உலகம் முழுதும் உரிமை பாராட்டும் காட்சி, அங்கே எஞ்சியிருக்கும் சில ஆயிரவர் கையில் நிற்கின்றது. ஆட்கள் குறையக் குறைய, ஒவ்வோர் ஆளின் பொறுப்பும் அருமையும் மிகுகின்றன. மக்களாற் குறைந்த நாடு மதிப்பாலுங் குறைந்ததோ என்னும் வினாவுக்கு லோஸேர் தரும் விடை இதுவேயாம்.

அவ்விடையை அந்நாட்டுச் சிற்றூரார் நெடுநாட்கு முன்னரே அறிந்திருந்தனர். புயலில் அகப்பட்டோன் எவன், எச்சபையான், எத்துணைப் பேர் என்று கேளாமல், ஒருவன் இருக்கலாம் என்ற அளவிலே இரவெல்லாம் மணியடித்தனர். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனை அறிந்த நாம், அவர் செயலின் பொருளை அறியாதிருத்தல் கூடுமோ?